முதல் ஏர் ரைபிள் வாங்குவது எப்படி: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு

குலசேகரம், பேச்சிப்பாறை, பூதப்பாண்டி பக்கம் விளை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: "மரச்சீனியையும் வாழையையும் பன்னி இடிச்சுப் போடுது. குறைஞ்ச விலையில, நம்பி வச்சுக்கிற மாதிரி ஒரு மருந்துத் துப்பாக்கி கிடைக்குமா?"

கிடைக்கும், ஆனால் அதற்கு லைசென்ஸ் வேண்டும். குழல் வாயில் மருந்தை இடித்து நிரப்பிச் சுடும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்காகக் கேட்டு விண்ணப்பிக்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவிலேயே இடம் இருக்கிறது. விண்ணப்பம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும், போலீஸ் விசாரணை நடக்கும், அதன் பிறகுதான் முடிவு. அப்படியே லைசென்ஸ் கிடைத்தாலும் அது துப்பாக்கியை வைத்துக்கொள்ளும் உரிமை மட்டும்தான். பன்றியைச் சுடும் உரிமை அதில் வராது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாக நிற்கிறது. பன்றித் தொல்லைக்கு வனத்துறையிடம் எழுதிக் கொடுப்பதுதான் வழி. "பட்டறையில செஞ்சு தருவான், யாருக்கும் தெரியாது" என்று ஒருவர் வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அந்தக் குழல் வெடித்தால் போவது உங்கள் கண், பிடிபட்டால் போவது ஜெயில்.

சுடுவதில் உண்மையாகவே ஆசை இருக்கிறவர்களுக்கு, மருந்து இல்லாமல் காற்றழுத்தத்தால் சுடும், லைசென்ஸ் இல்லாமல் வாங்கக்கூடிய ஏர் ரைபிள் இருக்கிறது. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். அதைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை மட்டும் இங்கே சொல்கிறேன்.

படி 1: எதைச் சுடப் போகிறீர்கள்?

காகித இலக்கு, காலி டப்பா. இந்த இரண்டைத் தவிர வேறு பதில் வந்தால் வாங்க வேண்டாம். ஏர் கன்தானே என்று தேரூர் குளத்தில் கொக்கையோ மடையானையோ குறிவைத்தாலும் அது வேட்டைக் குற்றம்தான். சுசீந்திரம் தேரூர் ஈரநிலங்கள் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தவை, அங்கே கண்காணிப்பும் உண்டு. காக்கை, வௌவால், எலியெல்லாம் முன்பு இருந்த "தொல்லை உயிரினங்கள்" அட்டவணையையே வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். பழைய நினைப்பில் யாராவது "காக்காயைச் சுடலாம்" என்று சொன்னால் கேட்காதீர்கள்.

படி 2: இரண்டு எண்களை மனதில் வையுங்கள்

4.5 மில்லிமீட்டர், 20 ஜூல். குழலின் அளவு 4.5-க்கு மேலோ, அதில் போடும் சிறு குண்டான பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ போனால் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவை. 4.5 என்பதைக் கடைக்காரர் அங்குலக் கணக்கில் 0.177 என்பார், இரண்டும் ஒன்றுதான். 0.22 என்று சொல்லிக் காட்டினால் கையில் வாங்கிப் பார்க்கக்கூட வேண்டாம்.

ஜூல் கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: கிலோகிராமில் எடுத்த எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். அரை கிராம் பெல்லட் விநாடிக்கு 280 மீட்டர் போனால் 19.6 ஜூல், 300 மீட்டர் போனால் 22.5. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து மயங்குகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஒலிம்பிக் தரப் போட்டி ரைபிள்களே விநாடிக்குச் சுமார் 175 மீட்டர் வேகத்தில்தான் சுடுகின்றன, சுமார் 8 ஜூல்தான். வேகம் கூடினால் உதறல் கூடும், குறி சிதறும். அதற்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

படி 3: எந்த வகை?

குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. முதல் ரைபிளுக்கு இதுவே போதும். இந்தியத் தயாரிப்பு சாதாரண மாடல்கள் பத்தாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே கிடைக்கும். காற்று நிரப்பத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். உயர் அழுத்தக் காற்றை முன்கூட்டியே நிரப்பி வைத்துச் சுடும் பிசிபி வகையில் உதறல் கிடையாது, குறியும் நன்றாக நிற்கும். ஆனால் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பத் தனிப் பம்ப் வேண்டும், சீல் போனால் ரிப்பேருக்கு ஆள் தேட வேண்டும். போட்டிக்குப் போகும் எண்ணம் உறுதியான பிறகு பார்த்துக்கொள்ளலாம். லட்சங்களில் விற்கும் ஜெர்மன் ரைபிள்களைப் பற்றி இப்போது பேச்சே வேண்டாம்.

படி 4: கடையில் சோதித்து வாங்குங்கள்

ஆன்லைனில் பார்த்து ஆர்டர் போடுவதைவிட, நேரில் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். அடையாள அட்டை நகல் கொண்டு போங்கள், கேட்பார்கள்.

முதலில் குழலை மடக்குங்கள். ஏற்றும்போது குழலிலிருந்து ஒரு கையை எடுக்கவே கூடாது. ஸ்பிரிங் நழுவினால் குழல் அறைந்து மூடும், விரல் நசுங்கும். குழல் திறந்திருக்கும்போதே வெளிச்சத்துக்கு நேராக வைத்து உள்ளே பாருங்கள். திருகிப் போகும் வரிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். மலிவு மாடல்களில் சில உள்ளே வழவழவென்று இருக்கும். அதில் பெல்லட் சுழலாது, பத்து மீட்டரில் குறி நிற்காது.

மூடிய பிறகு குழல் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். கீல் பக்கம் மயிரிழை ஆட்டம் தெரிந்தாலும் வேறொன்றைக் கேளுங்கள். நான் முதலில் பார்ப்பது இதைத்தான். குழல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தால் குறி எப்படி நிற்கும்?

அடுத்தது காற்றுக் கசிவு. குழல் மூடும் இணைப்பின் மேல் மெல்லிய டிஷ்யூத் தாளை வைத்து, பெல்லட் போட்டு, மணல் பெட்டியில் ஒருமுறை சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். தாள் துள்ளினால் வாஷர் சரியில்லை. பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட விடாதீர்கள். முன்னால் தடுக்கும் காற்று இல்லாமல் பிஸ்டன் நேராக உலோகத்தில் மோதும்.

தோளில் அணைக்கும் கட்டையின் பின்பக்கத்தை முழங்கை மடிப்பில் வைத்தால் விரலின் முதல் கணு ட்ரிகரில் வசதியாகப் பட வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கென்று வாங்கினால் அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் துப்பாக்கி பெரியவர் பெயரில், பெரியவர் பூட்டில் இருக்கட்டும்.

தொலைநோக்கி வேண்டாம். ஸ்பிரிங் ரைபிள் பின்னாலும் முன்னாலும் இரண்டு தடவை உதறும், சாதாரண ஸ்கோப்பின் கண்ணாடியே கழன்றுவிடும். திறந்த பார்வைக் குறியிலேயே பழகுங்கள்.

படி 5: பெல்லட்

இரண்டு மூன்று வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்து மீட்டரில் ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பாருங்கள். ஓட்டைகள் எதில் நெருங்கி விழுகின்றனவோ அதுவே உங்கள் துப்பாக்கிக்கு ஒத்தது. பக்கத்து வீட்டு ரைபிளுக்கு ஒத்தது உங்களுக்கு ஒத்துவர வேண்டுமென்று இல்லை. காகித இலக்குக்குத் தட்டை முனை நல்லது, வட்டமாக வெட்டிக்கொண்டு போகும். பெரும்பாலும் ஈயம், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

சுடும்போது முன்னால் தாங்கும் கையால் இறுக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையைத் திறந்து அதன் மேல் துப்பாக்கியைக் கிடத்துங்கள், கோழிக்குஞ்சை ஏந்துவது போல. இறுக்கினால் உதறல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகப் போகும்.

படி 6: சுடும் இடம்

குளச்சல், முட்டம் மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய ஊர்களில் மொட்டை மாடியில் சுடாதீர்கள். தோப்பில் என்றால் இலக்குக்குப் பின்னால் மணல் மூட்டைகளை இரண்டு வரிசை அடுக்குங்கள். வெறும் காங்கிரீட் சுவரும் தென்னந்தடியும் பெல்லட்டைத் திருப்பி அனுப்பும். மேல்நோக்கிச் சுடவே கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி எல்லோருக்கும், பார்க்க வந்தவருக்கும் சேர்த்து.

முறையாகக் கற்க வேண்டுமென்றால் நமக்குச் சென்னையைவிட திருவனந்தபுரம்தான் பக்கம். களியக்காவிளை தாண்டிப் போனால் வட்டியூர்க்காவில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த சுடுதளம் இருக்கிறது. போட்டி இலக்கின் 10 புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர் பொட்டு. அதைப் பத்து மீட்டரிலிருந்து ஒருமுறை பார்த்தாலே வேகத்தில் உள்ள மோகம் தீர்ந்துவிடும். பஸ்ஸில் கொண்டு போனால் உறையில் போட்டு, பில் நகலோடு போங்கள்.

படி 7: உப்புக்காற்று

இங்கே துப்பாக்கிக்கு முதல் எதிரி இது. மழையும் நமக்கு இரண்டு பருவம். சுட்டு முடித்ததும் குழலின் வெளிப்புறத்தை எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள், விரல் பட்ட இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். பஞ்சு வைத்த பெட்டிக்குள் மாதக்கணக்கில் மூடி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும், பீரோவில் நிற்க வைத்துப் பூட்டுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகிவிடும். பிஸ்டன் அறைக்குள் எந்த எண்ணெயும் ஊற்றாதீர்கள், அழுத்தத்தில் தீப்பற்றி டப்பென்று வெடித்து ஸ்பிரிங்கை உடைக்கும். ஸ்பிரிங்கை ஏற்றியபடி வைத்துவிட்டுப் போவதும் கூடாது.

ஸ்பிரிங்கும் வாஷரும் தேய்கிற சாமான்கள். நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு பிறகு தேடி அலைவதைவிட, வாங்கும் அன்றே அந்த மாடலுக்குரிய ஒரு செட்டைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். உதிரி சாமான் தர முடியாது என்று கடைக்காரர் கை விரித்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.