கிச்சன் டைல்ஸுக்கு பெயிண்ட் அடிக்கப் போறீங்களா? முதல்ல அந்த ஆசிட் பாட்டிலை உள்ள வைங்க

போன வாரம் சித்தி பையன் வாட்ஸப்ல ஒரு போட்டோ அனுப்பினான். பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி ஆசிட் ஊத்தியிருக்கான், கிச்சன் டைல்ஸ் இடுக்கு பூரா நுரை பொங்குது, கீழ "அண்ணா, அழுக்கு எப்படி வருது பாரு"ன்னு பெருமை வேற. எனக்கு வயிறு எரிஞ்சுது. அது அழுக்கு இல்லடா, சிமெண்ட் கரையுது. இதே நுரையைப் பார்த்து நானும் ஒரு காலத்துல சந்தோஷப்பட்டவன்தான், அதான் எழுதறேன். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைங்க, டேப் ஒட்டுங்க எல்லாம் யாரு வேணா சொல்லுவாங்க, அதை விட்டுடறேன்.

ஆசிட்

நம்மூர்ல டைல்ஸ்ல கறைன்னா கை தானா பாத்ரூம் ஆசிட்டுக்குப் போகும். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். இடுக்குல இருக்கறது சாதா கிரவுட்டோ, பழைய வீடுன்னா ஒயிட் சிமெண்ட்டோ, ரெண்டுலயும் சுண்ணாம்பு இருக்கு, ஆசிட் பட்டதும் பொங்கிக் கரையும். மேல இருந்த கருப்பு போயி பளிச்சுன்னு தெரியும், அங்கதான் ஏமாறுவோம். காஞ்சப்புறம் நகத்தால கீறிப் பாருங்க, கோலமாவு மாதிரி உதிரும். அது மேல பெயிண்ட் அடிச்சா பெயிண்ட் அந்த மாவைத்தான் பிடிச்சுக்கும், சுவரை இல்ல.

எங்க வீட்ல திராட்சைக் கொத்து படம் போட்ட ஹைலைட்டர் டைல்ஸ், அதை மறைக்கத்தான் இவ்ளோ பாடு. ரெண்டு கோட் எபாக்ஸி பெயிண்ட் அடிச்சு மூணே மாசத்துல, குக்கர் ஆவி படற பக்கம் கோடு கோடா உரிய ஆரம்பிச்சுது, சிங்க்ல ஆசிட் தெறிச்ச இடமெல்லாம் புள்ளி புள்ளியா அரிச்சுப் போச்சு, சுரண்ட ஒரு கூலி, கிரவுட் போட ஒரு கூலி, மறுபடி பெயிண்ட், இந்தக் காசுக்குப் பாதி சுவர் புது டைல்ஸே ஒட்டியிருக்கலாம். கடைக்காரர் "தண்ணி கலந்து ஊத்துங்க சார், ஒண்ணும் ஆகாது"ன்னார். தண்ணி கலந்தா மெதுவாக் கரையும், அவ்ளோதான் வித்தியாசம். இதுல ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடறவங்க இருக்காங்க. குளோரின் வாயு கிளம்பும், சின்ன கிச்சன்ல ஆளையே சாய்ச்சுடும்.

சுடுதண்ணி, சோப்புத்தூள், பழைய டூத்பிரஷ் போதும். அதுக்கும் போகலைன்னா கறை உள்ள ஊறிடுச்சு, உடைஞ்ச ஹாக்சா பிளேடால 2, 3 மில்லிமீட்டர் சுரண்டிட்டுப் புது கிரவுட் போடுங்க. அது நல்லாக் காஞ்சப்புறம்தான் பெயிண்டுக்கு அடியில அடிக்கற ப்ரைமர்.

உப்புத்தாள்

டைல்ஸ் மேல இருக்கற பளபளப்பு கண்ணாடி மாதிரி, பெயிண்ட் ஒட்டாது. 220 நம்பர் உப்புத்தாள்ல பளபளப்பு மங்கற வரைக்கும் தேய்க்கணும். தோள் வலிக்கும். ப்ரைமரும் டைல்ஸுக்குன்னு கேட்டு வாங்குங்க, சுவருக்கு அடிக்கறது வேலைக்கு ஆகாது.

சிலிகான்

மேடையும் சுவரும் சேர்ற இடத்துல ரப்பர் மாதிரி ஒரு கோடா இருக்கும். அது மேல எந்த பெயிண்டும் நிக்காது. பிளேடால எடுத்துட்டு, பெயிண்ட் காஞ்சப்புறம் புதுசா போடுங்க.

அடுப்புக்கு நேர் பின்னாடி

அடிக்காதீங்க. ஸ்டீல் ஷீட் மாட்டுங்க.

அவசரம்

தொட்டா ஒட்டலைன்னா காஞ்சுடுச்சுன்னு அர்த்தம் இல்ல. எபாக்ஸி முழுசா இறுக ஒரு வாரம் ஆகும், ஐப்பசி மழைன்னா இன்னும் இழுக்கும். அதுவரைக்கும் அந்தப் பக்கம் தாளிப்பு வேண்டாம், தேய்ச்சுக் கழுவறதும் வேண்டாம்.

தம்பிகிட்ட நகத்தால கீறிப் பாக்கச் சொன்னேன். பத்து நிமிஷம் கழிச்சு வெள்ளையா மாவு ஒட்டின ஆள்காட்டி விரல் போட்டோ வந்துது, கீழ ஒண்ணும் எழுதலை. ஞாயித்துக்கிழமை ஹாக்சா பிளேடை எடுத்துக்கிட்டு நான்தான் போகணும்.