மழை விட்டும் வராத சேனல்கள்

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து திருநகர் வீட்டில் டிவி பாடாய்ப் படுத்தியது. மழை கொட்டும்போது டிடிஎச்சில் படம் போவது சகஜம். டிடிஎச் சிக்னல் வரும் கேயூ பேண்ட் என்ற ரேடியோ அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிச் சிதறடித்துவிடும். ஆனால் மழை வெறித்து வெயில் அடித்த பிறகும் ‘சிக்னல் இல்லை’ என்றே வந்தது.

சர்வீஸ்காரர் டிஷ்ஷைத் திருப்பி வைத்தார், பலனில்லை. பக்கத்து வீட்டு பாக்ஸை மாட்டிப் பார்த்தோம், அதேதான். “மழைக்காலம்னா அப்படித்தான் சார்” என்று கிளம்பிவிட்டார்.

கவனித்தால், எல்லா சேனலும் போகவில்லை. சில எப்போதும் வந்தன, சில வரவே இல்லை. துப்பு கொடுத்தது இதுதான். டிஷ் முன்னால் இருக்கும், சிக்னலை வாங்கி கேபிளில் அனுப்பும் எல்என்பி என்ற சின்னக் கருவிக்கு பாக்ஸிலிருந்து அதே கேபிள் வழியாகத்தான் மின்சாரம் போகிறது: ஒரு பகுதி சேனல்களுக்கு 13 வோல்ட், மற்றவற்றுக்கு 18. வழியில் வோல்டேஜ் குறைந்தால் 18 கேட்கும் சேனல்கள்தான் முதலில் அடிபடும்.

பாக்ஸை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் எல்என்பி கனெக்டரைக் கழற்றினேன். உள்ளே தண்ணீர், நடுக்கம்பியில் பச்சைக் களிம்பு, அதைச் சுற்றியுள்ள கம்பி வலை கறுத்திருந்தது. கேபிளில் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, புது கனெக்டர் போட்டு, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினேன். சாதாரண இன்சுலேஷன் டேப் மதுரை வெயிலில் உரிந்துவிடும். அப்புறம், கனெக்டருக்குக் கீழே கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டேன். வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

எல்லா சேனலும் வந்துவிட்டன. அப்பாடா! அடைமழையில் இப்போதும் கொஞ்ச நேரம் போகும், மழை தணிந்ததும் தானாக வந்துவிடுகிறது.