ராத்திரி சைக்கிள் ஓட்ட பவர்ஃபுல் ஹெட்லைட்: வாங்கறதுல இருந்து ரோட்டுல ஓட்டற வரைக்கும்

பெங்களூர்ல சைக்கிள் ஓட்டற நிறைய பேருக்கு ஓட்ட நேரம் கிடைக்கறதே இருட்டுலதான். நந்தி ஹில்ஸ் ஊருக்கு வெளிய கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், அங்க போய் சூரியன் வர்றதைப் பாக்கணும்னா நடுராத்திரி தாண்டினதுமே கிளம்பணும், வாரநாள்ல ஓட்டறவங்களுக்கு அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக் அடங்கவே ஒன்பதரை பத்து ஆயிடும். தெருவிளக்குதான் இருக்கே, அப்புறம் எதுக்கு ஹெட்லைட்னு கேக்கறவங்க ஜெயநகர், மல்லேஸ்வரம் பக்கம் ராத்திரி ஒரு ரவுண்ட் போய்ப் பாருங்க, விளக்கு மரக்கிளைக்கு மேல எரியும், ரோட்டுல இலை நிழல்தான் விழும், அந்த நிழலுக்குள்ள பெயின்ட் அழிஞ்ச ஹம்ப் ஒண்ணு படுத்திருக்கும்.

முதல் தடவையா நல்ல லைட் வாங்கறவங்களுக்காக எழுதறேன். முன்னாடியே சொல்லிடறேன், 800 லூமென் லைட்டை ஒழுங்கா சாய்ச்சு வெச்சா, 2000 லூமென் லைட்டை நேரா நீட்டி வெச்சதை விட ரோடு நல்லா தெரியும், எதிர்ல வர்றவங்களும் திட்ட மாட்டாங்க. பாதி விஷயம் அந்த சாய்ப்புலதான் இருக்கு.

ஸ்டெப் 1: எதை வாங்கறது

பெட்டி மேல லூமென்னு ஒரு நம்பர் பெருசா போட்டிருப்பாங்க. லைட்ல இருந்து மொத்தமா எவ்வளவு வெளிச்சம் வருதுங்கற கணக்கு அது, ரோட்டுல விழுதா மரத்து மேல விழுதாங்கறதெல்லாம் அதுல வராது. ஒரு இடத்துல எவ்வளவு விழுதுங்கறதுக்கு லக்ஸ்னு தனி அளவு இருக்கு. லூமென் டபுள் ஆச்சுன்னா கண்ணுக்கும் டபுளா தெரியும்னு நினைக்காதீங்க, தெரியாது. அதே லைட்டு ரெண்டு மடங்கு தூரம் அடிக்கணும்னா நாலு மடங்கு வெளிச்சம் வேணும். என்னைக் கேட்டா ஊருக்குள்ள மட்டும் ஓட்டறவங்களுக்கு 300ல இருந்து 500 லூமென் தாராளம், தேவனஹள்ளி தாண்டி விளக்கே இல்லாத ரோடு, கனகபுரா ரோட்டுல இருந்து உள்ள பிரியற கிராமத்து ரோடு, இதுக்கெல்லாம் 800ல இருந்து 1000. அதுக்கு மேல மண் பாதைக்காரங்களுக்கு.

ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு 10,000 லூமென், பேட்டரி 9900 எம்ஏஹெச்னு (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கற அளவு) வரும் பாருங்க, அதை அப்படியே ஸ்க்ரோல் பண்ணிப் போயிடுங்க. இந்த லைட்டுங்கள்ல பெரும்பாலும் இருக்கறது 18650ங்கற செல், 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், அந்த சைஸுல நல்ல கம்பெனி செல்லே 3500 எம்ஏஹெச் பக்கம்தான் நிக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற எஸ்.பி. ரோட்டுல தனியா செல் வாங்கினாலும் இதே கணக்குதான். அந்த 3500ஐ வெச்சு நீங்களே ரன்டைம் போட்டுப் பாக்கலாம், 3500 எம்ஏஹெச்னா 3.5 ஆம்பியர்-அவர், அதை செல்லோட 3.6 வோல்ட்டால பெருக்கினா 12.6 வாட்-அவர், எல்இடி ஒரு வாட்டுக்கு சுமாரா 100 லூமென் தருதுன்னு வெச்சா 1000 லூமென்ல ஒரு மணி நேரமும் கொஞ்சமும்தான் ஓடும். ஒத்தை செல் போட்டுட்டு ஃபுல் பவர்ல ஆறு மணி நேரம்னு எழுதியிருந்தா, ஒண்ணு லூமென் பொய், இல்லன்னா மணி நேரம் பொய். நேர்மையான கம்பெனியிலயும் ஒரு விஷயம் கவனிங்க, ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1னு ஒரு அளவுமுறை இருக்கு, அதுல ரன்டைம்னா வெளிச்சம் ஆரம்பத்துல இருந்ததுல 10 சதவீதமா குறையற வரைக்கும். அதனால கடைசி நேரத்துல எரியற லைட்டை நம்பி வேகமா ஓட்ட முடியாது.

அப்புறம் பீம், அதாவது வெளிச்சம் விழற வடிவம். டார்ச் மாதிரி வட்டமா அடிக்கற லைட் விலை கம்மி, ஆனா பாதி வெளிச்சம் மேல போய் எதிர்ல வர்றவங்க கண்ணுல விழும். ஜெர்மனியில எஸ்டிவிஇசட்ஓன்னு ஒரு ரோடு விதி இருக்கு, அதுக்காக செய்யற லைட்டுங்கள்ல கார் லோ பீம் மாதிரி மேல் பக்கம் கத்தி வெச்சு வெட்டின மாதிரி வெளிச்சம் நின்னுடும், எல்லாமே ரோட்டுக்குப் போகும். கொஞ்சம் காசு கூட ஆனாலும் நம்ம ஊர் ரோட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மழைக்கு, தண்ணி தாங்கற ரேட்டிங் ஐபிஎக்ஸ்4 இருந்தா தெறிக்கற தண்ணியைத் தாங்கும், நம்ம அக்டோபர் மழைக்கு ஐபிஎக்ஸ்6 இருந்தா நிம்மதி. சார்ஜிங் பின் மூடற ரப்பர் மூடி டைட்டா உக்காருதான்னு கடையிலயே அமுக்கிப் பாருங்க.

ஸ்டெப் 2: மாட்டறது

ஹேண்டில்பார் நடுவுல ஸ்டெம் பக்கம் தடிமனா இருக்கும், பல சைக்கிள்ல 31.8 மில்லிமீட்டர், கைப்பிடி பக்கம் 22.2. உங்க கிளாம்ப் எதுக்குப் பொருந்தும்னு பாத்து வாங்குங்க. ஹம்ப்ல இறங்கும்போது லைட் தலை குனியுதுன்னா கிளாம்புக்கு அடியில பழைய டியூப் துண்டு ஒண்ணு வெட்டி வெச்சு முறுக்குங்க, பஞ்சர் கடைக்காரர் சும்மாவே குடுப்பார். முன்னாடி பிரேக் கேபிள், பை, மொபைல் ஹோல்டர் எதுவும் மறைக்கக் கூடாது, மறைச்சா ரோட்டுல பெரிய கருப்புக் கோடு விழுந்துட்டே வரும். மேல் பக்கம் வெட்டின பீம் லைட்டைத் தலைகீழா தொங்க விடாதீங்க, வெளிச்சம் மொத்தமும் வானத்துக்குப் போயிடும்.

சிலர் ஹெல்மெட்ல மாட்டிக்கறாங்க. தலை திரும்பற பக்கம் வெளிச்சம் போகும்கறது உண்மைதான், ஆனா அது மட்டும் போதாது. லைட் கண்ணுக்குப் பக்கத்துலயே இருந்தா குழிக்குள்ள விழற நிழல் உங்களுக்குத் தெரியாது, எல்லாம் ஒரே மட்டமா தெரியும். கீழ ஹேண்டில்பார்ல இருந்து அடிச்சா குழியோட இந்தப்பக்க விளிம்பு உள்ள நிழல் போடும், அந்தக் கருப்பு பிறை மாதிரி தூரத்துலயே காட்டிக் குடுத்துடும். பள்ளத்தைக் காட்டறதே அந்த நிழல்தான்.

ஸ்டெப் 3: ஆங்கிள் வைக்கறது

இதுக்கு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் பார்க்கிங் சுவர் இருந்தா போதும். டயர்ல காத்து சரியா அடிச்சுட்டு, தரையில இருந்து லைட் எவ்வளவு உயரம்னு டேப் வெச்சு அளங்க, 100 சென்டிமீட்டர்னு வெச்சுக்குவோம். சுவர்ல இருந்து லைட் சரியா 5 மீட்டர் தள்ளி இருக்கற மாதிரி சைக்கிளை நேரா நிறுத்துங்க. சுவர்ல தரையில இருந்து 75 சென்டிமீட்டர் உயரத்துல சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. யாராவது ஒருத்தரை சீட்ல உக்காரச் சொல்லுங்க, ஏன்னா வெயிட் ஏறினா சாய்ப்பு மாறும், சஸ்பென்ஷன் இருக்கற சைக்கிள்ல இன்னும் நல்லாவே மாறும். இப்ப லைட்டை லோ மோட்ல போட்டு, வட்ட பீம்னா அதோட பளிச்னு இருக்கற நடு பாகம் அந்தக் கோட்டுல உக்காரணும். 5 மீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இறங்குதுன்னா 20 மீட்டர்ல தரையைத் தொடும், அவ்வளவுதான் கணக்கு. வெட்டின பீம்னா மேல் விளிம்பு லைட்டோட உயரத்துக்குக் கொஞ்சம் கீழயே நிக்கணும், மேல ஏறவே கூடாது.

எங்க செக்யூரிட்டி அண்ணன், கிருஷ்ணகிரிக்காரர், இதைப் பாத்துட்டு "என்ன சார், சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போறீங்களா"ன்னார், அவரையே சீட்ல உக்கார வெச்சாச்சு.

ஏன் 20 மீட்டர்? மணிக்கு 25 கிலோமீட்டர்ல போனா ஒரு செகண்டுக்கு சுமார் 7 மீட்டர் போறீங்க. பள்ளத்தைப் பாத்து கை பிரேக்குக்குப் போறதுக்குள்ளயே 10 மீட்டர் போயிடலாம், அப்புறம் நிக்க இன்னும் ஆறேழு மீட்டர். ஈர ரோடுன்னா இன்னும் கூட ஆகும். இறக்கத்துல 40ல வரும்போது இந்த 20 மீட்டர் பத்தாது, அங்க வேகத்தைத்தான் குறைக்கணும். நந்தியில இருந்து இருட்டுல இறங்கறவங்க இதை மறந்துடாதீங்க, வளைவுல உங்க லைட் ரோட்டுக்கு வெளிய பாத்துட்டு இருக்கும்.

ஸ்டெப் 4: ரோட்டுல

எப்பவும் ஹைல போட்டுட்டு ஓட்டறது வேண்டாம். தெருவிளக்கு இருக்கற இடத்துல லோ, விளக்கு இல்லாத நேர் ரோட்டுல மீடியம், ஆள் நடமாட்டமே இல்லாத இருட்டுல மட்டும் ஹை. எதிர்ல சைக்கிளோ நடந்து வர்றவங்களோ தெரிஞ்சா உடனே ஒரு படி இறக்குங்க, கண் கூசினவங்க உங்க பக்கமே வந்து விழுவாங்க. ஓடற சைக்கிள்ல தடவித் தேடாம பட்டன் கைக்கு வரணும், வீட்டுலயே கண்ணை மூடிட்டு நாலு தடவை அமுக்கிப் பழகுங்க. சில லைட்ல ஹைக்கு அடுத்து ஃபிளாஷ் வந்து நிக்கும், அது பெரிய தொல்லை.

ஃபிளாஷ் மோடை ராத்திரி முன்னாடி போடாதீங்க. எதிர்ல வர்ற டிரைவருக்கு நீங்க எவ்வளவு தூரத்துல இருக்கீங்க, எவ்வளவு வேகத்துல வர்றீங்கன்னு கணிக்க முடியாது, உங்களுக்கும் ரோடு விட்டு விட்டுத்தான் தெரியும். ஜெர்மனியில முன் லைட் ஃபிளாஷ் ஆகவே கூடாது.

மழையில ரோடு நனைஞ்சா வெளிச்சம் உங்க பக்கம் திரும்பி வராது, முன்னாடியே வழுக்கிட்டுப் போயிடும், அதனால எவ்வளவு பவர் ஏத்தினாலும் ரோடு கருப்பாவே இருக்கும். தண்ணி நிறைஞ்ச குழிக்கு நிழலும் கிடையாது, வழவழன்னு கண்ணாடி போட்ட மாதிரி இருக்கற கருப்புத் திட்டு எதைப் பாத்தாலும் குழின்னே எடுத்துக்கோங்க. பனியில இதுக்கு நேர் எதிர், ஹை போட்டா முன்னாடி வெள்ளைத் திரை மாதிரி நின்னுடும், லோவுக்கு இறக்கிட்டு மெதுவா போங்க, ஹெல்மெட் லைட்டை அணைச்சுடுங்க.

சிக்னல்ல நிக்கும்போதும் லோ. ஓடும்போது காத்து பட்டுத்தான் லைட் பாடி குளிரும், நின்ன இடத்துல ஹைல விட்டா தொட முடியாத அளவு சுடும், நல்ல லைட்னா தானே வெளிச்சத்தைக் குறைச்சுக்கும். அது ரிப்பேர் இல்ல.

பின்னாடி சிவப்பு லைட்டும் கண்டிப்பா வேணும், அதைப் பத்தி தனியாவே எழுதணும். கூட ஒரு சின்ன முன் லைட்டும் பையில போட்டுக்கோங்க.

ஸ்டெப் 5: வீட்டுக்கு வந்த பிறகு

மழையில நனைஞ்சு வந்தா சார்ஜிங் பின் காயற வரைக்கும் சார்ஜ் போடாதீங்க. சாதாரண 1 ஆம்பியர் சார்ஜர்ல ஒத்தை செல் லைட் ஃபுல் ஆக நாலு மணி நேரம் பக்கம் ஆகும். மாசக்கணக்குல ஓட்டப் போறதில்லன்னா பாதி சார்ஜ்ல வெச்சுட்டு வெயில் படாத இடத்துல போடுங்க. செல் உப்பின மாதிரியோ வாசனை வர்ற மாதிரியோ இருந்தா இன்னொரு தடவை சார்ஜ் பண்ணிப் பாக்காதீங்க, எலக்ட்ரானிக் குப்பை வாங்கற இடத்துல குடுத்துடுங்க. வழியில டீ குடிக்க நிறுத்தினாலும் லைட்டைக் கழட்டி பாக்கெட்ல போட்டுக்கோங்க, கிளாம்ப் மட்டும்தான் சைக்கிள்ல இருக்கணும்.