பைபிளில் பொய் வரும் பகுதியைப் பிள்ளைகளோடு வாசிப்பது எப்படி

ராயபுரத்தில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். பொய்ச்சான்று சொல்லாதே என்ற எட்டாம் கட்டளை நடத்தும் வாரம் யாராவது கேட்டுவிடுவார்கள்: "மிஸ், யாக்கோபு அப்பாவையே ஏமாத்தினாரே, கடவுள் ஏன் ஆசீர்வாதம் குடுத்தாரு?" தயவுசெய்து இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

யாக்கோபு ஏமாற்றும் அதிகாரத்தோடு நிறுத்தாமல் முன்னும் பின்னும் படியுங்கள். பைபிளின் முதல் நூலான தொடக்க நூல் 25:23-இல், ஏசா, யாக்கோபு என்ற இரட்டைப் பிள்ளைகள் பிறக்கும் முன்பே, மூத்தவன் இளையவனுக்குப் பணிவான் என்று கடவுள் சொல்லிவிட்டார். ஆசீர்வாதம் பொய்க்குக் கிடைத்த பரிசு இல்லை. 27-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு, உடம்பெல்லாம் முடியுள்ள அண்ணன் ஏசாவைப் போல இருக்க, கையிலும் கழுத்திலும் ஆட்டுத் தோலைச் சுற்றிக்கொண்டு, பார்வை மங்கிய அப்பா ஈசாக்கிடம் "நான்தான் ஏசா" என்கிறார். பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, கையில் கம்பளித் துண்டு ஒன்றைக் கொடுப்பேன். அந்தக் கிழவரின் விரல்கள் எப்படி ஏமாந்தன என்று தொட்டதும் புரிந்துவிடும். அப்புறம் 37-க்குப் போங்கள். யாக்கோபின் மகன்களே தங்கள் தம்பி யோசேப்பின் அங்கியை ஆட்டு இரத்தத்தில் தோய்த்து அவரிடம் காட்டுகிறார்கள். திட்டம் போட்டுக் கொடுத்த அம்மா ரெபேக்கா, ஓடிப்போன மகனை மறுபடி பார்த்ததாக ஒரு வசனம்கூட இல்லை. இதைச் சொன்னால் வகுப்பே அமைதியாகிவிடும்.

அடுத்து, கடவுள் எதைப் பாராட்டினார் என்று வரியில் விரல் வைத்துத் தேடச் சொல்லுங்கள். ஆண் குழந்தைகளைக் கொல்லாமல் விட்டு, எகிப்து அரசனிடம் பொய்க் காரணம் சொன்ன மருத்துவச்சிகள் சிப்ராவும் பூவாவும் கடவுளுக்கு அஞ்சினார்கள் என்கிறது விடுதலைப் பயணம் 1:21. ஒற்றர்களை ஒளித்துவைத்துப் பொய் சொன்ன இராகாபின் நம்பிக்கையைச் சொல்கிறது எபிரேயர் 11:31. புகழ்ச்சி பொய்க்கு இல்லை என்றுதான் புனித அகுஸ்தினாரும் விளக்குகிறார்.

நிலம் விற்ற பணத்தில் ஒரு பகுதியை ஒளித்துவிட்டு, முழுப் பணமும் இதுதான் என்று காட்டிக்கொண்ட அனனியா, சப்பிரா தம்பதியின் கதைக்குக் காசிமேடு மீன் சந்தை போதும். ஐஸில் வைத்த நேற்றைய வஞ்சிரத்தை விற்பது தப்பில்லை, "இன்னைக்குப் பிடிச்சது" என்பதுதான் தப்பு. நிலமும் பணமும் உன்னுடையதாகத்தானே இருந்தது என்றுதான் திருத்தூதர் பேதுருவும் அனனியாவிடம் கேட்கிறார்.

கஷ்டமான இடம், கொடுத்த கடனை வீடு வீடாக வந்து வசூலிக்கும் தண்டல்காரர். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் அவர் கதவைத் தட்டுவார். "அம்மா இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளையை அனுப்புவார்கள். நானும் சின்ன வயதில் கதவிடுக்கில் நின்று அப்படிச் சொல்லியிருக்கிறேன். அம்மா அடுப்படியில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் தாய்மார்களைக் குறை சொல்லி வகுப்பைத் தொடங்காதீர்கள்.

வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே ஊர் ஆயர் ஃபிர்முஸ் பற்றி அகுஸ்தினார் எழுதியதைச் சொல்லுங்கள். தஞ்சம் புகுந்தவனைத் தேடி அரசனின் ஆட்கள் வந்தபோது, "பொய்யும் சொல்ல மாட்டேன், காட்டியும் கொடுக்க மாட்டேன்" என்று நின்றார், சித்திரவதை செய்தும் அசையவில்லை. கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2489-ஆம் எண்ணும், அறிய உரிமை இல்லாதவரிடம் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டியதில்லை என்கிறது. வாயை மூடிக்கொள்ளலாம், பொய் சொல்லத்தான் அனுமதி இல்லை.

பிறகு இரண்டிரண்டு பேராக நடித்துப் பழக்குங்கள். ஒருத்தர் தண்டல்காரர், ஒருத்தர் கதவுக்குள். போன வருடம் ஒரு பெண் பிள்ளை பழகிக்கொண்டு போய் நிஜமாகவே சொல்லியிருக்கிறாள்: "அம்மா இப்ப வர மாட்டாங்கண்ணே. படகு கடலுக்குப் போனதும் குடுத்துடுவாங்க." அவர் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாராம்.