சீனாவில் கம்பெனி வைத்திருக்கிறீர்களா? முதலில் மூலதனக் கணக்கைப் பாருங்கள்

சிங்கப்பூர் சிசில் ஸ்திரீட்டில் கணக்கு பார்க்கும் என்னிடம், ஷாங்காயில் துணை நிறுவனம் வைத்திருக்கும் நம் வியாபாரிகள் வந்தால் வரியைத்தான் முதலில் கேட்பார்கள். நான் கம்பெனியின் சாசனத்தை, அதாவது அதன் விதிகள் எழுதிய ஆவணத்தைக் கேட்பேன். மூலதனத்தை எந்தத் தேதிக்குள் கட்டுவதாக ஒப்புக்கொண்டீர்கள் என்பது அதில்தான் இருக்கும். தொழில் உரிமத்தில் மொத்தத் தொகை மட்டுமே.

2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த சீனாவின் புதிய கம்பெனிச் சட்டப்படி, புதிய நிறுவனம் பதிவான 5 ஆண்டுக்குள் முழுத் தொகையையும் கட்டியாக வேண்டும். 20, 30 ஆண்டு தவணை எழுதிய பழைய நிறுவனங்கள் 2027 ஜூன் 30க்குள் சாசனத்தைத் திருத்த வேண்டும். அதன்பின் கட்ட 5 ஆண்டு உண்டு.

அவ்வளவு பணம் தேவையில்லை என்றால் மூலதனத்தைக் குறையுங்கள். தீர்மானம் போட்ட 10 நாளில் கடன் கொடுத்தவர்களுக்குத் தகவல், 30 நாளில் பொது அறிவிப்பு. தகவல் கிடைத்தவர்கள் அதிலிருந்து 30 நாள்வரையும், கிடைக்காதவர்கள் பொது அறிவிப்பிலிருந்து 45 நாள்வரையும் பணத்தையோ உத்தரவாதத்தையோ கேட்கலாம். ஆகவே சப்ளையர் பாக்கியை முன்னதாகவே தீர்த்துவிடுங்கள். இதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள், தயவுசெய்து.

சீனாவிலிருந்து வெளியே அனுப்பும் லாப ஈவுக்கு வழக்கமான வரிப் பிடித்தம் 10%. சிங்கப்பூர் நிறுவனம் நேரடியாக 25% பங்காவது வைத்திருந்து, லாபத்தின் உண்மையான உரிமையாளராகவும் இருந்தால் 5%. அதற்கு ஐராஸ் (சிங்கப்பூர் வரித்துறை) தரும் வரி வதிவிடச் சான்றிதழை எடுத்து வையுங்கள். லாபத்தை அங்கேயே மறுமுதலீடு செய்பவர்களுக்கு 2025 முதல் 2028 வரை தனி வரிச்சலுகையும் இருக்கிறது. அந்த முதலீட்டை 5 ஆண்டு எடுக்கக்கூடாது.