பல்லுயிர்க் கணக்கில் சறுக்கும் இடங்கள்

பல்லுயிர்த்தன்மை என்றாலே சிற்றினங்களின் எண்ணிக்கைதான் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். மரபணு, சிற்றினம், சூழல் மண்டலம் என்று அதற்கு மூன்று நிலைகள் உண்டு. நடுவில் உள்ள சிற்றின நிலைக்குக்கூட வெறும் எண்ணிக்கை போதாது.

இரண்டு துண்டு நிலங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 100 மரங்கள், 5 சிற்றினங்கள். முதல் நிலத்தில் ஒவ்வொரு சிற்றினத்துக்கும் 20 மரங்கள். இரண்டாவதில் ஒரு சிற்றினமே 96 மரங்களைப் பிடித்துக்கொள்ள, மற்ற நான்கும் தலா ஒன்று. பட்டியலைப் பார்த்தால் இரண்டும் சமம். சிற்றினங்களின் எண்ணிக்கையோடு அவை எவ்வளவு சமமாகப் பரவியுள்ளன என்பதையும் சேர்த்து அளக்கும் ஷானன் குறியீட்டைக் கணக்கிட்டால் முதலாவது 1.61, இரண்டாவது வெறும் 0.22. அந்த நான்கு ஒற்றை மரங்கள் விழுந்தால் அங்கே மிஞ்சுவது ஒரே சிற்றினம். 1.61, 0.22 என்பவை இயல் மடக்கையில் (ln) வரும் விடைகள். கால்குலேட்டரில் பத்தடிமான மடக்கையை (log) அழுத்தினால் இதே நிலங்கள் 0.70, 0.10 என்று காட்டும். எந்த மடக்கை என்று குறிப்பிடாத அறிக்கைகளை ஒப்பிடுவது வீண் வேலை.

பரப்பைச் சமமாக்காமல் ஒப்பிடுவதும் அப்படித்தான். பரப்பு கூடக் கூட சிற்றினங்களும் கூடும். இரு அச்சுகளையும் மடக்கையில் வரைந்த சிற்றின-பரப்பு வரைபடத்தின் சாய்வு 0.2 என்றால், 1 ஹெக்டேரிலிருந்து 10 ஹெக்டேருக்குப் போனாலே பட்டியல் ஏறக்குறைய 1.6 மடங்காகிவிடும். காடு செழித்ததற்கு அது சான்றாகாது. வெளியிலிருந்து நான்கு களைகள் புகுந்தாலும் எண்ணிக்கை உயரத்தான் செய்யும். எத்தனை என்பதோடு எவை என்பதையும் பாருங்கள்.

பெயர்களிலும் கணக்கு தப்பும். வேம்புக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இட்ட அறிவியல் பெயர் மீலியா அசாடிராக்டா. இப்போது வழங்குவது அசாடிராக்டா இண்டிகா. பழைய பட்டியலையும் புதியதையும் சரிபார்க்காமல் சேர்த்தால் ஒரே மரம் இரண்டாகிவிடும். ‘இண்டிகா’ என்று மட்டும் எழுதினாலும் பயனில்லை: மாவும் இண்டிகா, புளியும் இண்டிகா. முதல் சொல்லான பேரினப் பெயர் கட்டாயம் வேண்டும். கையால் எழுதும்போது இரண்டு சொற்களுக்கும் தனித்தனியாக அடிக்கோடு இட வேண்டும்; ஒரே கோடாக இழுப்பது தவறு.

உலகில் 87 லட்சம் சிற்றினங்கள் ‘கண்டறியப்பட்டுள்ளன’ என்று எழுதுவது இன்னொரு பிழை. அது 2011இல் வெளியான ஒரு மதிப்பீடு. கூடக்குறைய 13 லட்சம் பிழை வரம்பும் அதற்கு உண்டு. முறையாக விவரித்துப் பெயரிடப்பட்டவை அதில் சிறு பங்குதான். பாக்டீரியாக்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. ‘தமக்குள் இனக்கலப்பு செய்து வளமான சந்ததி தருபவை ஒரே சிற்றினம்’ என்ற பாடநூல் வரையறையும் பாலிலா முறையில் பெருகும் அவற்றுக்குப் பொருந்தாது.