வாஷிங் மெஷின் தண்ணீரில் போகும் பாலியெஸ்டர் இழை

மேலப்பாளையத்தில் எங்கள் தெருச் சாக்கடை வாய்க்காலில்தான் விழுகிறது. அந்தத் தண்ணீர்தான் கீழே வயலுக்கும் பாய்கிறது. பாலியெஸ்டர் சேலை, நைட்டி, பிள்ளைகளின் விளையாட்டு டிரஸ் எல்லாமே துவைக்கும்போது இழை உதிரும். மக்காத நுண்பிளாஸ்டிக் அது. உலகக் கடல்களில் நுண்துகளாகவே போய்ச் சேரும் பிளாஸ்டிக்கில் சுமார் 35 சதவீதம் இப்படித் துவைப்பதால் வருவது என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். 2017இல் கணக்கிட்டது.

மெஷினின் வடிகுழாயை ஒரு டிரம்முக்குத் திருப்பினேன். டிரம்மின் வாயில் பழைய வேட்டியை இரண்டாக மடித்து, நடுவில் குழிந்து தொங்கும்படி கட்டினேன். விறைப்பாகக் கட்டினால் தண்ணீர் வெளியே வழிந்துவிடும். டிரம்மின் அடியிலிருந்து சாக்கடைக்கு ஒரு பிவிசி குழாய். வேட்டி காய்ந்ததும் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். விரலால் உரித்தால் வந்துவிடும். அதைக் குழாயடியில் அலசவே கூடாது. காகிதத்தில் மடித்துக் குப்பை வண்டியில் போடுகிறோம்.

ரொம்பப் பொடியான இழை வேட்டியில் நிற்காது. அதனால் உதிர்வதையே குறைக்கப் பார்க்கிறோம்: பச்சைத் தண்ணீர், மெஷின் நிறையத் துணி, குறைந்த நேரம். வேர்வை படாத துணியை வெயிலில் உலர்த்தி மறுபடி உடுத்துகிறோம். அப்புறம், வீட்டில் உடுத்த இனி பருத்திதான் எடுப்பது.